எட்டடிக்கு எட்டடி காலி இடம்

அன்புள்ள அம்மா,

இன்று காலை மஞ்சூரில் ஒரு புது வீட்டுக்குப் போயிருந்தேன். பயிற்சிக்காக ஹாலை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். பல நாள் விரித்தே கிடந்த கம்பளத்தைச் சுருட்டியதும் ஈரமும் தூசியும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. அந்த வாசனையில், அருவங்காட்டில் உங்கள் ஹாலில் நிற்பதுபோல இருந்தது.

ஜிம்மில் வேலை போய், வீடு வீடாகக் குத்துச்சண்டை சொல்லித்தரலாம் என்று நான் கிளம்பிய புதிது. வரப்போவது ஒரு பெண் என்றதும் பலர் போனை வைத்துவிட்டார்கள். முதலில் வரச் சொன்னது நீங்கள்தான். அறுபத்தெட்டு வயது, கை நடுக்க நோய். இந்தப் பயிற்சி உதவலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"எட்டடிக்கு எட்டடி காலியா இருக்கணுங்க. கண்ணாடிச் சாமான் பக்கத்துல வேண்டாங்க" என்று போனில் சொன்னேன். வந்து பார்த்தால் ஹாலில் ஒன்றுமே இல்லை. சோபா வராந்தாவில், ஷோகேஸ் படுக்கையறையில். உயரத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக்கூட இறக்கியிருந்தீர்கள்.

"அதை எதுக்குங்கம்மா எடுத்தீங்க?"

"குத்து எங்க போய் உழுகும்னு எனக்கென்ன தெரியும் கண்ணு!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் என் பயம் போய்விட்டது.

மூன்றாவது வாரம் நல்ல மழை. ஊட்டியிலிருந்து வந்த பஸ் தாமதம். அவசரமாக, குத்துகளை வாங்கும் பேடுகளைக் கையில் மாட்டிக்கொண்டு உங்கள் முன்னால் நின்றேன். மூடுபனியில் உங்கள் சிவப்புச் சிமெண்டுத் தரை வியர்த்திருந்தது. அதன்மேல் ரப்பர் பாயை விரித்தது நான்தான். தொட்டுப் பார்க்காததும் நான்தான். இரண்டாவது குத்தில் பாய் வழுக்கியது. கையை ஊன்றி விழுந்தீர்கள். மணிக்கட்டு பிசகியது.

கோயம்புத்தூரிலிருந்து உங்கள் மகன் வந்தார். "இனிமே நீங்க வர வேண்டாங்க" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஊட்டி காந்தலில் என் வீட்டுக்குத் திரும்பி, கையுறைகளைப் பரண்மேல் போட்டேன். ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சொல்லிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து உங்கள் போன். "கட்டுப் பிரிச்சாச்சு. எப்ப வர்றே கண்ணு?"

"உங்க பையன் வேண்டாம்னு சொன்னாருங்களே."

"அவங்கிட்டப் பேசிட்டேன். இது என்ற ஊடு. என்ற கை."

வந்தேன். வாசலிலேயே சொன்னேன்: "தப்பு என்னுதுங்கம்மா. தரையைப் பாக்காம விட்டுட்டேன்."

பரவாயில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. "ஆமா. இனிப் பாரு" என்று ஒரு காய்ந்த துணியை என்னிடம் கொடுத்தீர்கள். இன்னொன்றை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இருவரும் மண்டியிட்டு மூலை மூலையாகத் துடைத்தோம். பாயைப் புரட்டினால், அடியில் வழுக்காத பட்டைகள் கோணல்மாணலாக ஒட்டியிருந்தன. நடுங்கும் கையால் நீங்களே ஒட்டியவை. நான் தலையை நிமிர்த்தாமலே துடைத்தேன்.

அதன் பின் இரண்டு வருடம். நடுக்கம் நிற்கவில்லை. ஆனாலும் தோளிலிருந்து குத்து நேராக வந்தது. உங்கள் மகன் ஒருநாள் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு, எனக்கும் சேர்த்துக் காபி போட்டுக் கொண்டுவந்தார். போன மார்கழியில் நிமோனியா வந்து, நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது ஒன்பது வீடுகளுக்குப் போகிறேன் அம்மா. எங்கே போனாலும் முதலில் வெறுங்காலால் தரையில் நடந்து பார்க்கிறேன். பிறகு, "என் கவனக்குறைவால ஒருத்தர் விழுந்திருக்காங்க" என்று நானே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் அதைக் கேட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். இருந்தாலும் மறைக்க மனம் வரவில்லை. கேட்ட பிறகும் ஒருவர் கையை நீட்டி, கையுறை மாட்டுமுன் துணி சுற்றச் சொல்லும்போது, மனதுக்குள் உங்களுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நம் கடைசி வகுப்பில் ஒரு குத்து பேடைத் தாண்டி என் உள்ளங்கையில் இறங்கியது. "வலிச்சுதா கண்ணு?" என்றீர்கள்.

"வலிச்சுதுங்கம்மா."

உண்மையாகவே வலித்தது. அதைக் கேட்டதும் உங்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் போகிற வீட்டுக்கெல்லாம் கொண்டுபோகிறேன்.