இரண்டு பக்கமும் உங்கள் கழகம்தான், நானா

கபுறில் உறங்கும் என் அன்பு நானாவுக்கு, தங்கையின் ஸலாம்.

நீங்கள் மவுத்தாகி ஒரு வருடம் திரும்புவதற்குள் உங்கள் பெயரில் கால்பந்துக் கிண்ணம் ஒன்று வைத்துவிட்டார்கள். இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்களா, தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்களா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் நடந்ததை நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு வேறு யார் சொல்வார்கள்?

சண்டைக் காலத்தில், முஸ்லிம்கள் என்று இயக்கத்துக்காரர்கள் மன்னாரிலிருந்து எங்களை விரட்டியபோது நான் சின்னப் பிள்ளை. உங்களுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. புத்தளத்தில் உப்பளத்துக்குப் பக்கத்து முகாமில், என்ன செய்வதென்று தெரியாமல் குந்தியிருந்த பொடியன்களை எல்லாம் எழுப்பிக்கொண்டு போய் ஒரு கழகம் தொடங்கினீர்கள். ஊரில் விட்டுவந்த கழகத்தின் பெயரையே அதற்கும் வைத்தீர்கள். அதே பச்சைச் சட்டை. நீங்கள்தான் கோல் காப்பாளர்.

அந்த நாளில் எனக்கு வேறு கட்சியே இல்லை. பிறகு என்னை இந்தப் புத்தளத்து ஊர் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தீர்கள். அவருடைய டீமும் உங்கள் டீமும் மோதிய அன்று, அவருக்குப் பக்கத்திலேயே நின்று உங்களுக்காகக் கத்தினேன். "கலியாணம் முடிச்சிட்டாய் புள்ள, மாப்பிள்ளைட டீமுக்கும் கொஞ்சம் கத்து" என்று சிரித்தீர்கள். நான் கத்தவில்லை. எவ்வளவு லேசாக இருந்தது அப்போது!

சண்டை முடிந்து பாதை திறந்ததும் பாதிப் பேர் மன்னாருக்குத் திரும்பினார்கள். உங்கள் மனைவி, என் மச்சியும், உங்கள் மகன் அஸ்மியும் போனார்கள். நீங்கள் மட்டும் இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் அலைந்தீர்கள். போனவர்கள் அங்கே அதே பெயரில் கழகம் தொடங்கினார்கள். இங்கே இருந்தவர்கள் பெயரை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். "ஒரு கழகந்தான், ரெண்டு ஊர்ல விளையாடுது" என்றீர்கள். உங்கள் வாய்க்கு மறுவாய் இருக்கவில்லை. இரண்டையும் எதிரெதிரே ஆடவும் நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை.

உங்கள் கிண்ணத்துக்கு இரண்டையும் எதிரெதிரே இறக்கிவிட்டார்கள், நானா.

மன்னார்ப் பொடியன்கள் வேனில் வந்தார்கள். எங்கள் ஆட்கள் பச்சை போட்டதால் அவர்கள் வெள்ளை போட்டுக்கொண்டார்கள். கோலுக்குள் அஸ்மி. நிற்கிற நிலை அப்படியே நீங்கள். மெச் தொடங்க முந்தி, பெண்களுக்குக் கதிரை போட்டிருந்த இடத்துக்கு என்னைத் தேடி வந்தான்.

"மாமி, என்ன கறி?"

"கணவாய், மகன். முடிஞ்சதும் ஊட்டுக்கு வந்துரு."

"ஓம் மாமி, வராம இருப்பனா?"

கடைசிவரை ஒருவரும் கோல் அடிக்கவில்லை. முடியப் போகிற நேரம் எங்கள் பொடியன் ஒருவன் பந்தோடு தனியே உள்ளே புகுந்தான். அஸ்மி முன்னுக்கு வந்தான். அப்போதுதான் எங்கள் பொடியன்கள் றபான் மேளம் அடிக்கிற பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் எழும்பியது. "உங்கட ஊருக்குப் போங்கடா! மன்னாருக்குப் போங்கடா!" முதலில் கத்திய குரல் என் மகன் ரிப்கானுடையது.

மச்சானின் குரல் அஸ்மிக்குத் தெரியாமல் இருக்குமா? தலையைத் திருப்பிப் பார்த்தான். பந்து வலைக்குள் போய்விட்டது.

முகாம் டீம் ஆடும்போது இந்த ஊரார் எங்களைப் பார்த்துக் கத்திய கதை அது. "அகதியெல்லாம் ஊருக்குப் போங்கடா" என்பார்கள். நீங்கள் செவிடன் மாதிரி பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அந்தச் சொல்லை என் வயிற்றில் பிறந்தவன் உங்கள் பிள்ளைக்குச் சொன்னான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கோல் விழுந்ததும் நான் எழும்பி நின்று கை தட்டினேன், நானா. என் கால் என்னைக் கேட்காமலே எழும்பிவிட்டது. பக்கத்திலிருந்தவள் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தியபோதுதான் அது அஸ்மி காத்த வலைக்குள் விழுந்த கோல் என்று உறைத்தது.

மெச் முடிந்ததும் வேனடிக்கு ஓடினேன். "சாப்பிட வா மகன்" என்றேன்.

"வேணாம் மாமி, வேன் வெளிக்கிடுது." சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "அவன் கத்தினது எனக்குப் பெரிசில்ல. நீங்களும் எழும்பினீங்களே மாமி."

வீட்டுக்கு வந்து ரிப்கானைப் பிடித்து ஏசினேன்.

"ஒன்ட மச்சானப் பாத்தா அப்புடிச் சொன்னாய்?"

"அவனுக்கா சொன்னன்? டீமுக்குத்தானே உம்மா. எல்லா மெச்லயும் கத்துறதுதான்."

"அதே கதைய எங்களுக்கும் சொன்னாங்கடா, முகாம்ல இருக்கக்குள்ள."

"ஆரு சொன்ன?"

அவனுடைய வாப்பா கதிரையில் இருந்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் இஞ்ச பொறந்தன், இதுதான் என்ட ஊர்" என்றான் ரிப்கான். "நீங்களும் இஞ்சதானே உம்மா இருக்கீங்க?"

எந்த நாளில் நான் இந்தப் பக்கத்து ஆளானேன்? இங்கே பிள்ளை பெற்றபோதா? உம்மாவை இங்கே அடக்கம் செய்தபோதா? மன்னார் என்று யாராவது சொன்னால் இப்போதும் கைவேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கிறேன். அந்த மன்னாருக்கு எதிராகத்தானே அன்று கை தட்டினேன்?

கிண்ணம் இங்கே கழகத்து அலுமாரியில் இருக்கிறது. நான் போன் பண்ணினால் அஸ்மி எடுப்பதில்லை. மச்சி எடுப்பாள், மழையைப் பற்றி இரண்டு சொல் பேசிவிட்டு வைத்துவிடுவாள். கழகத்தின் பெயர் யாருக்கு என்று இப்போது சண்டை. "நானாட தங்கச்சி நீங்க, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்று இரண்டு பக்கத்தாரும் கேட்கிறார்கள். நீங்கள் ஒரு சிரிப்பால் தாங்கிப் பிடித்திருந்ததை நான் எதைக் கொண்டு தாங்க?

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மன்னாருக்குப் போகப் போகிறேன். ரிப்கானையும் கூப்பிட்டேன். ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் வராவிட்டால் தனியாகப் போவேன். ஏன் எழும்பினேன் என்று அஸ்மி கேட்டால், தெரியாது மகன் என்றுதான் சொல்வேன். ஆனால் அதை அவன் வாசலில் நின்று, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கதவு திறக்கும்வரை நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கூடப் பிறந்தவள்,
ரிஸ்னா