இரண்டாவது ஆளை யார் பிடித்துக்கொள்வது?

என் தங்கத் தம்பி பிரவீனுக்கு,

நம் வீட்டுக்குப் பயம் பிடித்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அப்பா போன பிறகு நாம் மூன்று பேர்தானே. கம்பத்தில் ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. மாடிக் கதவு டமாலென்று அடித்தால்கூட அம்மா பதறிப்போய் ஓடிவருகிறாள். நான் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதானே உன்னைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அதிலிருந்து எங்களுக்கு எதுவுமே சாதாரணம் இல்லை.

இப்போதைய பயம் உன் கேம் கன்ட்ரோலரைப் பற்றி. சிரிக்காதே, முழுதாகக் கேள்.

கருமாதி முடிந்ததும் அம்மா உன் போட்டோவை ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியில் வைத்தாள். பக்கத்திலேயே உன் நீலக் கன்ட்ரோலரையும் வைத்து, அதற்கும் ஒரு துண்டுப் பூ வைத்தாள். எத்தனை நாள் நாம் அந்த ஹாலில் உட்கார்ந்து அந்த வீடியோ கேம் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறோம்! கையில் விளக்கோடு இரண்டு பேர், நமக்கு ஆளுக்கொரு கன்ட்ரோலர். அதை நம் பக்கத்துப் பொட்டிப்புரத்து மலையைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்வாய். கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றபோதுதான் உனக்குக் காய்ச்சல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனசு கேட்காமல் அந்த விளையாட்டைப் போட்டேன். நாம் ஆடிய முதல் பாகம் ஒற்றை ஆளுக்கு ஓடாது, உனக்குத் தெரியாததா? எழுந்து போய் உன் கன்ட்ரோலரின் பட்டனை அழுத்திவிட்டு, அதை அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தேன். திரையில் உன் ஆள் விளக்கோடு வந்து நின்றான். அவனை அங்கேயே நிறுத்திவிட்டு நான் மட்டும் முன்னால் போனேன். கொஞ்ச நேரத்தில் வௌவால் கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. அடி விழுந்தால் கன்ட்ரோலர் அதிருமே, அது அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"பிரவீனு! வந்துட்டியாப்பா?"

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நீ போன பிறகு நான் பார்க்காத வெளிச்சம். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நான் போடியில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏத்தா, அந்த விளையாட்டப் போடேன்" என்கிறாள். விளக்கேற்றிவிட்டு அலமாரி முன்னால் உட்கார்ந்து உன்னிடம் கேள்வி கேட்கிறாள். "அங்கன வலி இல்லாம இருக்கியா? இருந்தா ஒருக்கா ஆட்டிக் காட்டுப்பா." அவள் கேட்டு முடிக்கிற நேரம் பார்த்து அது அதிர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அதிராமல் போனால் என்ன ஆவாளோ என்று அதைவிடப் பயம். இதில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அது அதிரும்போது நானும் ஒரு நொடி திரும்பிப் போட்டோவைப் பார்க்கிறேன்.

உத்தமபாளையத்திலிருந்து வந்த சித்தி இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள்.

"உங்கம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுடி. எங்க ஊர்ல கோடாங்கி ஒருத்தரு இருக்காக. கூட்டிட்டுப் போயி பார்த்துருவோம்."

கோடாங்கி உடுக்கை அடித்துப் பேயை ஓட்டுவார் என்றால், யாரை ஓட்டுவார்? உன்னையா?

இந்த நேரத்தில்தான் நீ வருமா வருமா என்று காத்துக்கிடந்த இரண்டாம் பாகம் வந்தது. வாங்கிவிட்டேன். அதில் இரண்டாவது ஆளுக்கு மனுஷன் தேவையில்லை, மெஷினே அவனை நடத்திக்கொள்ளும். உன் கன்ட்ரோலரை ஆன் செய்ய வேண்டியதே இல்லை. கோடாங்கிக்கு இது பரவாயில்லை, சத்தமில்லாமல் அம்மாவை இதிலிருந்து மீட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

பிரவீன், அந்த ஆள் ஒரு தடவைகூடப் பள்ளத்தில் விழவில்லை. நான் நினைப்பதற்கு முன்பே கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறான். "வாக்கா, எனக்கு வழி தெரியும்" என்று வம்படியாகத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போக அவனுக்குத் தெரியவில்லை. உன் சட்டையை மாட்டிக்கொண்டு வேறு யாரோ நம் வீட்டில் நடமாடுவது போலிருந்தது. பயந்துபோய் அணைத்துவிட்டேன். அம்மா அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இன்னைக்கு ஆடல?"

"இது பார்ட் டூம்மா."

"அதுல அவன் வரமாட்டானா?"

நீயே சொல், நான் எதைப் போடுவது? முதல் பாகத்தைப் போட்டால் இல்லாத பிள்ளையோடு பேசிப் பேசியே அம்மா என் கையைவிட்டுப் போய்விடுவாள். இரண்டாம் பாகத்தைப் போட்டால் உன்னை இன்னொரு தடவை தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒரு வாரம் எதையும் தொடவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து முதல் பாகத்தைப் போட்டு, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, ஆட்டுறது தம்பி இல்லம்மா. அந்தா நிக்கிறான் பாரு, அதுதான் அவன் ஆளு. அவனப் பிடிச்சு ஓட்ட ஆள் இல்ல, அதனால சும்மா நிக்கிறான். வௌவால் வந்து கடிக்கிறப்ப இது அதிருது. அம்புட்டுத்தான்."

அழுவாள் என்று நினைத்தேன். மயக்கம் போட்டுவிட்டால் தெளிக்கலாம் என்று சொம்பில் தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தேன். அம்மா திரையில் உன் ஆளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப இத்தன நாளும் பிள்ளைய அங்கன ஒத்தையில நிறுத்தி அடிபட விட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு அக்காளா?"

எழுந்து போய், பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உன் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். "இவன் பின்னால ஒதுங்கணும்னா எதத் தள்ளணும்? அத மட்டும் சொல்லு" என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் நானும் அம்மாவும் விளையாடுகிறோம். கோடாங்கிப் பேச்சு நின்றுவிட்டது. முன்னால் போக அவளுக்குப் பயம், பின்வாங்க மட்டும் நன்றாக வருகிறது. வௌவாலைக் கண்டால் "ஆத்தாடி!" என்று உன் ஆளை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிடுகிறாள். என்னையும் திட்டுகிறாள், நான் வேகமாகப் போகிறேனாம். கன்ட்ரோலர் அதிர்வது குறைந்துவிட்டது. கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டாள், அதற்கு அவளுக்கு நேரமில்லை. நேற்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஆனால் கடைசிக் கதவு நெருங்கிவிட்டது, பிரவீன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்தான் அது திறக்கும். முடிவை யூடியூபில் பார்த்துவிட்டேன், திறந்துவிட்டால் உன் ஆள் விளக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்துவிடுவான், முதல் பாகம் முடிந்துவிடும். "இது முடிஞ்சா அவன் எங்கன போவான்?" என்று அம்மா நேற்றுக் கேட்டாள். தெரியாதும்மா என்றுதான் சொன்னேன். உனக்காவது தெரியுமா?

ஆஸ்பத்திரியில் உள்ளே ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் விட்டார்கள். நான் உள்ளே இருந்தால் அம்மா வெளியே, அம்மா உள்ளே போனால் நான் வெளியே. அன்றைக்கு நான் வெளியே வந்து அம்மா உள்ளே நுழைவதற்கு நடுவில், செருப்பை மாட்டிக் கழற்றுகிற அந்த நேரத்தில், உன் பக்கத்தில் யாருமே இல்லை. அந்த நேரத்தில்தான் நீ போனாய்.

இந்தத் தடவை அப்படி நடக்காது. பயந்து பயந்துதான் போவோம், மெதுவாகத்தான் போவோம். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் அம்மாவும் நானும் ஒன்றாக இருப்போம். ஒன்றாக அழுத்துவோம். நீ வெளியே போய் மறைகிற வரைக்கும் இரண்டு பேரில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன்னை ஒத்தையில் நிறுத்தியதற்கு இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்
உன் அக்கா