கோட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிள்

ஜூன் 16, திங்கள்
காலையிலேயே வெயில். இந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட். நல்லவேளை, வீட்டில் இருந்தேன்.

பள்ளிக்குக் கிளம்பிய மகள் நந்தினி முழங்கைச் சிராய்ப்போடு திரும்பி வந்தாள். எளாவூர் சர்வீஸ் ரோட்டோரம் முழுக்க லாரிகள். அவற்றைச் சுற்றிப் போக நடுரோட்டுக்கு வந்திருக்கிறாள். பின்னால் டிரெய்லர் ஹாரன். சைக்கிளோடு விழுந்துவிட்டாள். இப்போதுதான் ஆறாவது சேர்ந்தாள்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த இவர், "சைக்கிளே வாணாம். ஷேர் ஆட்டோல போவட்டும்."

"நா சைக்கிள்லதான் போவேன்ப்பா!"

மருந்து போடும்போது அவளைவிட நான்தான் அழுதேன்.

17, செவ்வாய்
பக்கத்து வீட்டு மேரியின் மகனும் அதே பள்ளி. நடந்து போகிறவன். "லாரிக்காரங்களையே கேட்டுடலாம், வா," என்றாள். டீக்கடைக்குப் போனோம். உள்ளூர பயம்.

ஒரு டிரைவர் எரிந்து விழுந்தார். "வேற எங்கம்மா நிறுத்துறது? தலமேலயா?"

மேரி விடவில்லை. "புள்ளைங்க போற அளவுக்கு ஓரத்துல வழி உடுங்கண்ணா, போதும்."

நெல்லூர்க்கார டிரைவர் ரமணய்யா டீ கிளாஸை வைத்தார். "எது வரைக்கும்னு கோடு போட்டுக் காட்டும்மா. மத்தவங்களுக்கு நா சொல்றேன்."

ஷிப்டில் வேலையே ஓடவில்லை. கோடு, கோடு என்றே நினைப்பு.

18, புதன்
விடிந்ததும் தெருப் பெண்கள் எல்லோரும் ரோட்டில். வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்புத் தூள். ரமணய்யா லாரிகளைத் தள்ளி நிறுத்தச் சொல்லச் சொல்ல, நாங்கள் கோடு போட்டோம்.

"இன்னாடி இது, பாம்பு போன மாதிரி கீது!" மேரிக்கு ஒரே சிரிப்பு.

இடுப்பு வலி. தும்மல். மனசு மட்டும் பறக்கிறது. இவர் இன்னும் சைக்கிளுக்குச் சரி சொல்லவில்லை.

20, வெள்ளி
மூட்டம், நல்ல காற்று. உடனே எழுதியாக வேண்டும்!

இன்று முதல்முறை பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக. நடப்பவர்கள் மேரியோடு முன்னால், பின்னால் சைக்கிள்கள், கடைசியில் ஸ்கூட்டியில் நான். பாதி வழியில், கோட்டைத் தாண்டி ஒரு லாரி. புது வண்டி போல. பிரேக் போட்டேன்.

ஒரு பிள்ளைகூட நடுரோட்டுக்கு இறங்கவில்லை. நின்றார்கள். நந்தினி மணி அடித்தாள். அடுத்தவள் அடித்தாள். பிறகு எல்லா சைக்கிளும். அப்பப்பா, என்ன சத்தம்!

டிரைவர் தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஊர்வலமா?"

"ஸ்கூலுக்குண்ணா! வழி உடுங்க!" அத்தனை பேரும்.

சிரித்துவிட்டார். வண்டியை எடுத்துத் தள்ளி நிறுத்தினார்.

பள்ளி வாசலில் இவர். கம்பெனியிலிருந்து நேராக வந்து நிற்கிறார்.

"பாத்தியாப்பா!" நந்தினி கத்திக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

இவர் என் பக்கம் திரும்பினார். "திங்கக்கெழம நீ ஊட்ல இரு. புள்ளைங்க பின்னாடி நா வர்றேன்."