ஒரே ஒரு ‘வாஸ்’

மார்ச் 4
எட்டாம் படுக்கைப் பெரியவர் ஆறு மணிக்குப் போய்விட்டார். நாலு மணிக்கே பிரஷர் இறங்கியது. உடனே வார்டு போனில் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். வருகிறேன் என்றார். மறுபடி இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது பெரியவரின் கை சில்லிட்டிருந்தது.

மார்ச் 5
ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில். பதினாறு வருஷம் நர்ஸாக இருந்தும் அது மட்டும் எனக்குத் தண்ணி காட்டுகிறது.

மார்ச் 11
விசாரணை. தலைமை நர்ஸ் என் ரிப்போர்ட்டைப் படித்தார். “அட் ஃபோர் ஓ கிளாக், ஐ வாஸ் இன்ஃபார்ம்ட் டியூட்டி டாக்டர்.”

“நாலு மணிக்கு டாக்டர் உங்களுக்குத் தெரிவிச்சார்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

நான்தான் அவருக்குத் தெரிவித்தேன் என்றேன். டாக்டர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “ஆமா, பேஷண்ட்டைப் பார்த்துக்கச் சொல்லி நான்தான் போன் பண்ணேன்” என்றார்.

யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று அந்தப் போனில் பதிவாகாது. அவருக்கும் அது தெரியும்.

“கையெழுத்து உங்களோடதுதானே?”

என்னோடதுதான். நடந்து முடிந்த விஷயம் என்றால் ‘வாஸ்’ போட வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் — இதை அந்த அறையில் எப்படிச் சொல்வது?

மார்ச் 12
மகளின் இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ‘வாஸ்’ இல்லாவிட்டால் நான் சொன்னேன். இருந்தால் எனக்குச் சொன்னார்கள். அவ்வளவுதான். “இது ஏழாங்கிளாஸ் பாடம்மா” என்றாள் மகள்.

மார்ச் 15
என்னை ஆஸ்பத்திரித் துணிக்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். வேலையாவது மிஞ்சியதே என்கிறார் வீட்டுக்காரர். இவருக்கு என்ன தெரியும்?

மார்ச் 19
பெரியவரின் மகள் கிடங்குக்கே தேடி வந்துவிட்டாள். “டாக்டர் சொல்லியும் நீங்க கவனிக்கலையாமே. அப்படியாக்கா?”

எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “ஆனா எழுத்துல வேற மாதிரி இருக்கே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 8
லிஃப்டில் அந்த டாக்டர். “குட் மார்னிங் சிஸ்டர்.” அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 2
மேல் வார்டு நர்ஸ் ஒருத்தி ரிப்போர்ட்டோடு கிடங்குக்கு வந்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டச் சொல்லி மற்ற நர்ஸ்கள் அனுப்பினார்களாம். இந்த வாரத்தில் இவள் நாலாவது ஆள். ‘ஐ வாஸ் காலிங் டாக்டர்’ என்று எழுதியிருந்தாள்.

“கூப்பிட்டியா, கூப்பிட்டுக்கிட்டே இருந்தியா?”

“ஒரே தடவைதான்கா. வரேன்னு சொன்னாரு.”

“அப்போ ‘கால்ட்’ போதும். பக்கத்துல மணியை எழுது.”

எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வினைச்சொல்லாக விரல் வைத்துப் பார்த்துக் கொடுத்தேன். அவள் மாடிக்கு ஓடினாள். எனக்கு இன்னும் முப்பது தலையணை உறை மடிக்க வேண்டியிருந்தது.