மாத்திரை ஏப்பம்

அக்கா,

இன்று காலை அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தபோது உங்கள் மீன் எண்ணெய் டப்பா கைக்கு வந்தது. மூடியைத் திறந்தேன். மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வாடை குப்பென்று வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறந்ததிலிருந்து சைவம் நீங்கள். தருமபுரத்தில் உங்களுக்கு அடுத்த தெருவில் தினமும் மீன் குழம்பு கொதிக்கிற வீடு என்னுடையது. அலுவலகத்தில் இருபது வருஷம் பக்கத்து மேசை. ஓய்வுக்குப் பிறகு உங்களுக்குப் பிரஷர் வந்ததும், "வயசானவங்க நெஞ்சுக்கு மீன் எண்ணெய் நல்லதாம்க்கா" என்று ஆரம்பித்தவளே நான்தான். டாக்டரிடம் கேட்டோம். "பெருசா எதையும் காப்பாத்தாதும்மா. பிரஷர் மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அதையும் விடவில்லை, இதையும் சேர்த்துக்கொண்டீர்கள்.

"மருந்துன்னா பாவமில்ல மேரி. ஆனா மருமககிட்ட உளறிடாத" என்றீர்கள். அதனால் டப்பா என் வீட்டில் இருந்தது. காலை நடை முடிந்து வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றை விழுங்குவீர்கள். சில நாள் நெஞ்சு எரியும், ஏப்பத்தில் மீன் வாடை அடிக்கும். "பூசை ரூம் பக்கம் போய் ஏப்பம் விட்டுடாதீங்க" என்பேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள்.

அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் செய்தீர்கள்.

"நெஞ்சு எரியுது மேரி. வேர்த்துக் கொட்டுது. மருமககிட்ட சொல்லட்டுமா?"

"அது மாத்திரை ஏப்பம்தான்க்கா. சொல்லி மாட்டிக்காதீங்க. மோரக் குடிச்சிட்டுப் படுங்க."

எல்லாம் தெரிந்தவள் போலச் சொன்னேன். நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள். மதியம் சாப்பிட எழுப்ப வந்த மருமகள் போட்ட சத்தம் என் வீடு வரை கேட்டது. மாரடைப்பு என்றார்கள்.

இப்போதெல்லாம் யார் நெஞ்செரிச்சல் என்றாலும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. தெருவில் என்னைக் கேலி செய்கிறார்கள். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இந்த ஒன்றை மட்டும் தாண்டிவிடுகிறேன். பத்து மணிக்குப் போன் அடித்தால் இன்னும் எடுப்பதில்லை.

போன வாரம் உங்கள் மகன் திதிக்குச் சொல்ல வந்திருந்தான். "கடைசியா அம்மா உங்களோடதான் பேசியிருக்காங்க ஆன்ட்டி. என்ன சொன்னாங்க?"

"சும்மாதான் தம்பி பேசிக்கிட்டிருந்தோம்."

"நல்லவேள, கஷ்டப்படாம போயிட்டாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவனுக்கு அந்த நிம்மதியாவது இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அவனுக்காக இல்லை அக்கா. எனக்குப் பயம்.