புளி போட்டு விளக்கிய சதங்கள்

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. குத்துவிளக்கை மினுக்கப் புளியைக் கரைத்தேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. நீங்கள் போய் இரண்டு வருடமாகியும் இப்படித்தான்.

நியூ லின்னில் பழஞ்சாமான் கடையொன்றின் பொத்தான் டப்பாவைக் கிண்டும்போதுதான் நாம் சிநேகமானோம். நான் தேடியது நாம் வந்து குடியேறிய இந்த நாட்டின் பழைய ஒரு சதம். ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் பன்ன இலை, நீங்கள் பெரணி என்பீர்களே, அது. "ஏண்டி, செல்லாத காசைப் பொறுக்க டிக்கெட் எடுத்து ட்ரெயின்ல வர்றியே!" என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே எனக்கு முன் டப்பாவுக்குள் கையை விடுவீர்கள். வருடம், கிடைத்த இடம், தேய்மானம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுவேன். நூலகப் புத்தகங்களைப் பார்த்து நானாகப் பழகிய வேலை.

ஊரிலிருந்து கொண்டுவந்தவையும் இருந்தன. பின்னாளைய அலுமினியச் சதங்கள் பெட்டியில். அரசர் தலை போட்ட வெண்கலச் சதங்கள் பதினொன்றும் சுவாமியறையில், லட்சுமி படத்தடியில். அங்கே வைத்தது என் பிழை.

வீட்டுச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போய், பித்தப்பை ஒப்பரேஷன் முடிந்து நான் வீடு வந்தபோது விளக்கு, தட்டம், மணி எல்லாம் பளபளத்தன. சதங்களும். எல்லாவற்றையும் நீங்கள் புளி போட்டு விளக்கியிருந்தீர்கள்.

"பாருடி, தங்கமாட்டம் மின்னுது!"

பழைய வெண்கலக் காசுக்கு மதிப்பே அதன் மேல் படிந்த கபில நிறம், அந்தப் பழுப்புதான். அதைச் சொல்லித் தந்திருக்கலாம். நான் சொன்னது வேறு.

"ஆர் உங்களைக் கேட்டது? விளக்குக்கும் காசுக்கும் வித்தியாசம் தெரியாதோ? இனி என்ர சாமானில கை வைக்காதேங்கோ."

வீட்டுச் சாவியை மேசையில் வைத்தீர்கள். "ரசம் வெச்சிருக்கேன். சூடு பண்ணி சாப்பிடுங்க."

சாப்பிடுங்க. எட்டு வருடமாக என்னை 'டி' போட்டு அழைத்த வாய். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. மரியாதை வந்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

நகரத்துக் காசுக்கடைக்காரர் பூதக்கண்ணாடியால் பார்த்து, கழுவியது என்று ஒதுக்கினார். கழுவாமலிருந்தால் எவ்வளவு என்று கேட்டேன். எல்லாம் சேர்த்து இருபது டொலர் வரும் என்றார்.

அன்று பின்னேரமே பிளாக்ஹவுஸ் பேயில் உங்கள் வாசலில் நின்று, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உள்ள வாங்க, காபி குடிங்க." குடித்தேன். பிறகு கோயிலில் காணும்போதெல்லாம், "நல்லா இருக்கீங்களா?" குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை.

அந்தச் சதங்கள் இப்போது மறுபடி கறுத்துவிட்டன. பழகிய கண்ணுக்குத்தான் தெரியும், அது பழைய நிறமில்லை என்று.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருதரம் திட்டினாலும் போதும் என்றிருந்தது. கண்ணைத் திறந்து, "நீங்க எதுக்குங்க இவ்வளவு தூரம்?" என்றீர்கள்.

தேவாரம் பாடும்போது சிவனையே நீ என்கிறேன். அவனும் கோபிப்பதில்லை. அந்த இடத்தில் மட்டும் தினமும் பாட்டை நிறுத்தி, நீங்கள் 'ஏண்டி' என்பதற்குக் காது கொடுக்கிறேன்.