பனிக்குள்ளிருந்து வந்த சப்பாத்து

அண்ணை,

நேற்று லா சப்பல் கடைத்தெருவில், நாங்கள் இருவரும் வழமையாக இருந்த தேத்தண்ணிக் கடையில், தொலைக்காட்சியில் ஒற்றைக் கால் சப்பாத்து ஒன்றைக் காட்டினார்கள். மலையில் பனி உருகி வெளியே வந்ததாம். தோல் சுருங்கி, உள்ளே புல் அடைத்தபடி இருந்தது. என் தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

உங்களுக்குத் தெரியும், என் தம்பி இத்தாலிப் பக்கத்து மலையால் நடந்து பிரான்சுக்கு வெளிக்கிட்டவன். வந்து சேரவில்லை. காசு வாங்கிக் கூட்டிவந்தவன், "பனிக்குள்ளை பின்னுக்கு நிண்டிட்டான்" என்றதோடு சரி.

கோடையில் இப்படிச் செய்தி வந்தால் நான் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். முதல்தரம் தொலைக்காட்சியில் பிரெஞ்சில் 'கிளாஸ், கிளாஸ்' என்றதைக் கேட்டு, "ஐஸ்கிறீமுக்குள்ளை என்னத்தை அண்ணை எடுத்தவங்கள்?" என்றேன். "ஐஸ்கிரீமும் கிளாஸ்தான், பனிக்கட்டியும் கிளாஸ்தான்பா" என்றீர்கள், உங்கள் புதுச்சேரிப் பேச்சில். பிறகு காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பழசுபா. ராஜா காலத்துது. உன் தம்பி இல்ல." அப்போதுதான் எனக்கு மூச்சு வரும். எந்தக் காலத்திலோ செத்த ஒருவனை நினைத்து ஆறுதல் பட்ட ஆள் நான்.

ஒருமுறை மட்டும் கடுமையாகச் சொன்னீர்கள். "போலீசுல போய் எச்சில் குடுத்துட்டு வாப்பா. எலும்பு ஏதாச்சும் கெடச்சா டி.என்.ஏ. ஒத்துப் பார்ப்பாங்க."

"குடுத்தா, அவன் செத்திட்டானெண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி அண்ணை."

"உனக்குத்தான் கையெழுத்தே போடத் தெரியாதே!"

இருவரும் சிரித்தோம். கதை அதோடு நின்றுபோயிற்று. குளிர் தொடங்க நீங்களும் கண்ணை மூடிவிட்டீர்கள்.

நேற்று கல்லாவில் நிற்கிற பிள்ளையிடம் கேட்டேன். "ஓம் ஐயா, சரியான பழசாம். மியூசியத்திலை வைக்கப் போகினமாம்" என்றாள். வழமையாக வருகிற ஆறுதல் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. அந்தச் சப்பாத்துக்காரனையும் யாரோ தேடியிருப்பார்கள். தேடியவர்கள் எல்லாரும் செத்து முடிந்த பிறகு வெளியே வந்திருக்கிறான். என் தம்பியும் அப்படி வந்தால், 'இவன் எங்கடை ஆள்' என்று சொல்ல யார் இருப்பார்?

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அந்தப் பிள்ளைதான். திங்கட்கிழமை அவளோடு பொலிசுக்குப் போகிறேன், எச்சில் கொடுக்க.

அங்கே என் வாயால் சொல்லவேண்டியதைப் பழகிக்கொண்டிருக்கிறேன். 'மோன் ஃப்ரேர்.' நீங்கள் சொல்லித் தந்த பிரெஞ்சில் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அண்ணனுக்கும் தம்பிக்கும் இவர்களிடம் அந்த ஒரு சொல்தான். சொல்லும்போது சில நேரம் அவன் வருகிறான். சில நேரம் நீங்கள் வருகிறீர்கள்.